பதக்கமும் பாத்திரமும்

2023-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ஆம் தேதி, டெக்சாஸ் மாகாணத்துச் சீடர் பார்க் என்னும் ஊரிலே, டோக்கியோ ஒலிம்பிக்கில் 125 கிலோ பிரிவின் தங்கப் பதக்கத்தை இறுதிப் போட்டியின் கடைசி விநாடிகளில் ஜார்ஜிய வீரர் பெட்ரியாஷ்விலியைச் சாய்த்துப் பறித்துக்கொண்டவரான கேபிள் ஸ்டீவ்சன், தொழில்முறை மல்யுத்த மேடையில் முதன்முறையாகத் தனியாட்டம் ஆட இறங்கினார். எதிரே நின்றவர் பேரன் கார்பின் என்ற அனுபவசாலி. ஒலிம்பிக் வீரரைச் சபை வாழ்த்தும், கார்பினை ஏசும் என்பதே ஏற்பாடு. நடந்ததோ நேர்மாறு. ஸ்டீவ்சன் எதிராளியைத் தூக்கி எறியுந்தோறும் ஏளனக் குரல் எழுந்தது. ஏச்சு வாங்குவதற்கென்றே வந்த கார்பினுக்குக் கரகோஷம் கிடைத்தது. இருவரும் களத்துக்கு வெளியே நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை கட்டிப் புரண்டு, வெற்றி தோல்வி இல்லாமல் ஆட்டம் முடிந்தது. 2024 மே மாதத்தில், அந்த மேடையை நடத்துகிற டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் ஸ்டீவ்சனை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தது.

இதைக் கண்டு, அசல் மல்யுத்தம் வேறு, முடிவை முன்னமே நிச்சயித்துக்கொண்டு ஆடுகிற இந்த வித்தை வேறு, ஒன்றில் தேர்ந்தவன் மற்றொன்றில் தேறமாட்டான் என்று தீர்ப்பெழுதியவர்கள் பலர். அது அவசரத் தீர்ப்பு. 1996-இல் அட்லாண்டாவில், தகுதிப் போட்டிகளின்போதே கழுத்தெலும்பு முறிந்திருந்த நிலையிலும் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள் 1998-இல் இதே நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, மெம்பிஸ் நகரத்தை மையமாகக் கொண்ட ஒரு சிறு பயிற்சி அமைப்பில் சில காலம் பழகி, 1999 நவம்பரில் தொலைக்காட்சி மேடை ஏறி, 2000 அக்டோபரில் தி ராக் என்ற நட்சத்திர மல்லரை வென்று உலகப் பட்டத்தை அணிந்துகொண்டார். 2000-ஆம் வருஷத்துக் கல்லூரிச் சாம்பியனான பிராக் லெஸ்னரோ 2002 மார்ச்சில் அறிமுகமாகி அவ்வருஷம் ஆகஸ்டிலேயே உச்சப் பட்டத்தைப் பெற்றார். ஆகவே அசல் மல்லர்களால் இது ஆகாத காரியம் என்று சொல்வதற்கில்லை. அவர்களை எந்த வழியாக அழைத்து வந்தார்கள், எப்பொழுது, எத்தகைய சபைக்கு முன் நிறுத்தினார்கள் என்பதுதான் ஆராய வேண்டிய விஷயம்.

ஆங்கிளை என்ன செய்தார்கள்? பதக்கம் வாங்கியவன், ஆகையால் வணங்குங்கள் என்று ஜனங்களிடம் கேட்கவில்லை. தங்கப் பதக்கங்களைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊராருக்கு நல்லொழுக்கம் போதித்து, பால் அருந்தும்படி உபதேசம் செய்து, தன்னை மதிக்கத் தெரியாத ஜனங்களின் அறியாமையை எண்ணி முகம் சுளிக்கிற ஒரு தற்பெருமைக்காரனாக அவரை மேடையேற்றினார்கள். சாதனையாளன் தன் சாதனையைத் தானே சொல்லிக் காட்டும்போது கேட்பவனுக்கு இயல்பாக எழுகிற எரிச்சலை, தடையாக எண்ணி மறைக்காமல், ஆட்டத்தின் மூலதனமாகவே ஆக்கிக்கொண்ட சாமர்த்தியம் அது. அவருக்கும் தம்மைத் தாமே பரிகாசம் செய்துகொள்ளும் குணம் இருந்தது. ஒலிம்பிக் வீரர்களிடம் அது அபூர்வம். ஸ்டீவ்சன் விஷயத்தில் வரிசையே தலைகீழாயிற்று. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் இன்னும் மாணவராக இருக்கும்போதே, 2021 அக்டோபரில் 'ரா' என்னும் முதல்தர நிகழ்ச்சியின் வீரர் பட்டியலில் பெயர் சேர்ந்துவிட்டது. 2022 ஏப்ரலில் ரெஸில்மேனியா என்ற ஆண்டுப் பெருவிழாவில், பல்லாயிரம் பேர் நிறைந்த அரங்கில் சாதனையாளராக அறிமுகம் செய்து கைதட்ட வைத்தார்கள். மறுநாள் ஒருவரைத் தூக்கியும் எறிந்தார். அத்தனைக்கும் பிறகுதான், இளையோர் லீக் எனப்படும் என்.எக்ஸ்.டி.யில் வந்து முதல் தனியாட்டம் ஆடினார். புகழ் முன்னே வந்துவிட்டது, பழக்கம் பின்னே வரவேண்டியதாயிற்று. புதியவன் என்றால் பிழையைப் பொறுக்கிற சபை, பெருமையோடு வந்தவனிடம் முதல் நிமிஷத்திலேயே கணக்குக் கேட்டது.

இங்கேதான் இந்தப் பயிற்சி லீக்கின் உண்மையான பிரயோஜனம் எது என்ற கேள்வி எழுகிறது. புளோரிடா மாகாணத்து ஆர்லாண்டோ நகரில் 2013 ஜூலை 11-ஆம் தேதி திறக்கப்பட்ட 'பெர்ஃபார்மன்ஸ் சென்டர்' என்ற பயிற்சிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அதன் 26,000 சதுர அடி விஸ்தீரணத்தையும், ஏழு மேடைகளையும், உடற்பயிற்சிச் சாதனங்களையும், பேச்சுப் பழகுவதற்கென்று அமைந்த ஒளிப்பதிவு அறைகளையும் சொல்லி வியப்பது வழக்கம். நானும் வியக்கிறேன், ஆனால் மேடையும் சாதனமும் பணம் உள்ள எவரும் வாங்கக் கூடியவை.

வாங்க முடியாதது அங்கே நடக்கிற பழக்கம். அதில் முதலில் கற்பிப்பது விழுவதை. இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை, பலகைமேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் இழுத்துக் கட்டிய கித்தான் துணி. இவ்வளவுதான் மேடை. அதில் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, தலை படாமல் முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையைத் தொடும்படி, இரு கைகளாலும் ஓங்கி அறைந்துகொண்டு விழவேண்டும். 'பம்ப்' என்று தொழிலில் சொல்லுகிற இதை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்து, தேகம் யோசிக்காமலே விழுகிற நிலை வந்த பிறகுதான் மற்றப் பாடம். கால்பந்திலிருந்து வந்த மல்லனுக்கும், ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்த பெண்ணுக்கும் இது ஒன்றே அரிச்சுவடி. உயரத்திலிருந்து பாய்கிறவர்கள் பழக, பஞ்சு மெத்தை இட்ட மேடை ஒன்று தனியே உண்டு. அப்புறம் கயிற்றில் மோதித் திரும்புவது. எதிராளியின் பிடியை ஏற்பது. பிடியைப் பெரும்பாலும் அவனுடைய இடப்பக்கத்துக் கை கால்களிலேயே போடுவது. மெக்சிகோவில் இந்த வழக்கம் வலப்பக்கம். அங்கிருந்து தேர்ந்து வருகிறவர்கள்கூட இங்கே தம் தேகத்தின் ஞாபகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரதான கேமரா எந்தத் திசையில் நிலைத்து நிற்கிறது என்பதைப் பார்க்காமலே அறிந்து, வலியால் துடிக்கும்போதும் முகத்தை அத்திசைக்குக் காட்டுகிற பழக்கம் அதற்கும் அடுத்த படி.

இவையெல்லாம் உழைப்பால் வருபவை. உழைப்பால் மட்டும் வராதது பேச்சும் பாத்திரமும். அதைக் கற்பிக்க அங்கே வாய்த்தவர் டஸ்டி ரோட்ஸ். டெக்சாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் தண்ணீர்க்குழாய் வேலைக்காரர் ஒருவருடைய மகனாகப் பிறந்து, கட்டுமஸ்தான உடலோ அழகான முகவெட்டோ இல்லாமலே, வேலை இழந்த தொழிலாளிகளின் துயரத்தைத் தம் துயரம்போல் ஒலிவாங்கியில் பேசி 1980-களில் பிரசித்தி பெற்றவர் அவர். 2015 ஜூன் மாதம் தமது 69-ஆம் வயதில் காலமாகும்வரை, இளையோரைக் கேமராவுக்கு முன் நிறுத்தி, நீ யார், உனக்கு என்ன வேண்டும், அதை நான் ஏன் நம்பவேண்டும் என்கிற தினுசிலே அவர்களைத் துளைத்தெடுத்துப் பேசவைத்தார். ரசிகையே மேடையேறிவிட்டாற்போல், காண்பவரையெல்லாம் கட்டியணைக்கிற வெள்ளை மனத்துப் பெண்ணாக வந்த பெய்லி, அவருடைய வகுப்பில் வளர்ந்தவர்களுள் ஒருவர். அந்தப் பாத்திரத்தில் தந்திரம் ஒன்றுமில்லை. சிறுவயது முதல் மல்யுத்தமே உலகமாக இருந்த ஒரு பெண், தன் உண்மையான சுபாவத்தைக் கொஞ்சம் பெரிதுபண்ணிக் காட்டினார். 2015 ஆகஸ்டில் புரூக்ளினில் சக வீராங்கனை சாஷா பேங்க்ஸுடன் அவர் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கும் ரசிகர்கள் எடுத்துச் சொல்லுகிறார்கள்.

இதைவிடவும் தெளிவான திருஷ்டாந்தம் விண்டம் ரொட்டுண்டாவின் கதை. 2010-இல் ஹஸ்கி ஹாரிஸ் என்ற பெயரோடு முதல்தர மேடைக்கு வந்த அந்த இளைஞர், கும்பலில் ஒருவராக நின்று, எவர் மனத்திலும் பதியாமல் 2011-இல் புளோரிடாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மற்ற விளையாட்டுகளில் இப்படித் திரும்பியவன் பெரும்பாலும் மறைந்துபோவான். இவரோ அங்கே ஓராண்டுக்காலம் உருப்படியாகத் தேடி, சதுப்பு நிலத்துக் கிராமத்தில் ஊர் மக்களை வசீகரித்து வைத்திருக்கும் ஒரு போலிச் சாமியாரைப்போல, சாய்வு நாற்காலியில் அமர்ந்து மெல்லிய குரலில் பேசிச் சபையை நடுங்கவைக்கிற பிரே வையட் என்னும் பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு, 2013 ஜூலையில் மீண்டார். உடல் அதே உடல், பிடி அதே பிடி. 36-ஆம் வயதில் 2023 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது ரசிகர்கள் நினைவுகூர்ந்து அழுதது அந்தப் பாத்திரத்துக்காகவே. திரும்பிப் போகும் வழி ஒன்று இல்லாதிருந்தால் அது பிறந்தே இராது.

இனி, பாடம் நடத்துகிறவர்களில் நான் எல்லோருக்கும் மேலாக மதிப்பது சபையைத்தான். அதிலும் எந்தச் சபை என்பதில் பேதம் உண்டு. 2012 முதல் 2020 வரை என்.எக்ஸ்.டி. நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த வின்டர் பார்க் ஃபுல் செயில் பல்கலைக்கழக அரங்கில் வந்து குழுமியவர்கள், வாரந்தோறும் வந்து வந்து, வீரர்களின் பூர்வோத்தரம் முழுவதும் அறிந்த ரசிகர்கள். அவர்கள் தாங்களே ஆட்டத்தின் ஓர் அங்கமாகி, பாட்டுக் கட்டிப் பாடி, ஏச வேண்டியவனையும் செல்லமாக ஏசி, புதியவனுடைய பிழையைக்கூட வேடிக்கையாக்கிவிடுவார்கள். அத்தகைய அன்பு சுகமானது, ஆனால் பரீட்சையாகாது. பரீட்சை நடந்தது 'கோக்கனட் லூப்' என்று தொழிற்காரர்கள் செல்லமாக அழைத்த புளோரிடாச் சிற்றூர்ச் சுற்றுப்பயணங்களில். சமுதாயக் கூடங்களிலும் பழைய ராணுவப் பண்டசாலைகளிலும், சில நூறு பேருக்கு முன், கேமரா இல்லாமல் நடந்த ஆட்டங்கள் அவை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்த குடும்பங்களுக்கு வருகிறவன் பெயரே தெரியாது. அவன் கெட்டவன் என்பதைப் பெயர்ப்பலகை சொல்லாமல் அவன் நடையும் பார்வையும் சொன்னால்தான் குழந்தை ஏசும். வலிப்பதை உடம்பால் உணர்த்தினால்தான் பாட்டி இரங்குவாள். ஒருநாள் ஒரு சூழ்ச்சி எடுபடாவிட்டால், மறுநாள் அடுத்த ஊரில் வேறொன்றைச் செய்து பார்க்கலாம், கேட்பாரில்லை, பதிவில்லை.

சீடர் பார்க்கில் ஸ்டீவ்சனுக்கு எதிரே நின்ற அந்தக் கார்பினே இந்த முறையின் நற்பயன்களுள் ஒருவர் என்பது விதியின் விநோதம். அமெரிக்கக் கால்பந்து வீரராக இருந்து 2012-இல் வந்தவர். இந்தப் பள்ளியிலன்றி வேறெங்கும் தொழில்முறை மல்யுத்தம் பழகாதவர். 2014-இல் தொலைக்காட்சியில் அவருக்குச் சில விநாடிகளே நீடிக்கும் ஆட்டங்களாகக் கொடுத்தார்கள். குறையை மறைத்துப் பலத்தைக் காட்டுகிற யுக்தி அது. ஃபுல் செயில் கூட்டம் அவ்விநாடிகளை உரக்க எண்ணி விளையாடியது. அதற்குள்ளே அவர் சிற்றூர்களில் நீண்ட ஆட்டங்களை ஆடிப் பழகிக்கொண்டிருந்தார். 2016-இல் முதல்தர மேடைக்குப் போனவர், பத்தாண்டு அனுபவத்தோடு ஒரு ஒலிம்பிக் வீரருக்குத் துணையாக அனுப்பப்பட்டும் அந்த இரவைக் காப்பாற்ற முடியவில்லையென்றால், அனுபவசாலியின் துணைக்கும் ஓர் எல்லை உண்டு என்றே கொள்ளவேண்டும்.

இந்தப் பயிற்சி ஏற்பாடு ஆர்லாண்டோவில் புதிதாக முளைத்ததல்ல. கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரின் ஒஹையோ வேலி ரெஸ்லிங் 2000-ஆம் வருஷத்தை ஒட்டிய காலத்தில் ஜான் சீனா, ராண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா, லெஸ்னர் ஆகியோரை ஒரே தலைமுறையாகத் தந்தது. அதன்பின் டாம்பாவில் புளோரிடா சாம்பியன்ஷிப் ரெஸ்லிங் 2007 முதல் 2012 வரை நடந்தது. அக்காலத்து மேடைகளில் படாடோபம் ஒன்றுமில்லை. லூயிவிலில் 'புரோட்டோடைப்' என்ற இயந்திர மனிதனாக ஆடிய சீனா, 2002-இல் முதல்தர மேடைக்கு வந்து சோபிக்காமல், அநேகமாக வேலை போகும் தறுவாயில், பயணப் பேருந்தில் சகாக்களிடையே விளையாட்டாகப் பாடிய ராப் பாட்டு மேலிடத்தின் காதில் விழுந்து பிழைத்தார் என்பது பிரசித்தம். பள்ளியில் பூண்ட வேஷம் நிலைக்கவில்லை. ஆனால் எதிர்பாராத வாய்ப்பு வந்தபோது அதைத் தூக்கி நிறுத்தத் தேவையான நாவன்மையும் சபாகம்பமின்மையும் பள்ளியில் வந்தவை.

இப்பொழுது நான் சொல்லப்போவதைப் பல ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள். 2019 செப்டம்பரில் என்.எக்ஸ்.டி. வாரத்துக்கு இரண்டு மணி நேர நேரடி ஒளிபரப்பாகி, அடுத்த மாதமே வாராந்தர ஒளிபரப்பைத் தொடங்கிய ஏ.இ.டபிள்யூ. என்ற போட்டி நிறுவனத்தோடு புதன்கிழமைகளில் மல்லுக்கு நின்ற காலம், ஆட்டங்களின் தரத்தால் பார்த்தால் மிகச் சிறந்த காலம். பள்ளிக்கூடம் என்று பார்த்தால் அது நலிந்த காலம். பார்வையாளர் எண்ணிக்கைக்குப் போரிடுகிற நிகழ்ச்சியில் அரைகுறைப் புதியவனுக்குப் பத்து நிமிஷம் கொடுக்க எவருக்குத் துணிவு வரும்? உலகெங்கும் ஆடித் தேர்ந்து முப்பது வயதைத் தாண்டி வந்தவர்களே மேடையை நிறைத்தார்கள். கெவின் ஓவன்ஸ், சமோவா ஜோ, ஷின்ஸுகே நகமுரா போன்றோர் முன்னரே இப்படி வந்தவர்கள்தாம். இத்தகையோரோடு ஆடுவதே புதியவர்களுக்குப் பெரும் பாடம் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர்களே மாணவர் இருக்கை முழுவதையும் பிடித்துக்கொண்டால் பாடம் யாருக்கு? பெரும்பான்மை வாரங்களில் அந்தப் போட்டியிலும் தோல்விதான். 2020 மார்ச்சில் கொள்ளைநோய் வந்து சிற்றூர்ச் சுற்றுகளைச் சில காலம் நிறுத்திவைத்தது. பயிற்சிக்கூடமே முதல்தர நிகழ்ச்சிகளுக்கும், ஏப்ரலில் ரெஸில்மேனியாவுக்கும்கூட, ஆளில்லாத அரங்கமாக மாறிற்று. சபையில்லாமல் ஆடிய அம்மாதங்களில் தேர்ந்தவர்களே தடுமாறினார்கள். சபையையே காணாமல் பழகத் தொடங்கியவர்களின் கதியைச் சொல்ல வேண்டுமா?

2021 செப்டம்பரில் நிகழ்ச்சியைப் பலவர்ணக் கோலாகலத்தோடு புதுப்பித்து, கல்லூரி விளையாட்டு வீரர்களான இளையோரை முன்னிறுத்தியபோது எழுந்த பரிகாசம் கொஞ்சமல்ல. வர்ணங்கள் கண்ணை உறுத்தின. பாத்திரங்களிற் பல அபத்தம். என்றாலும் பள்ளி பள்ளியாகத் திரும்பியது அப்பொழுதுதான் என்பது என் கட்சி. பழைய நட்சத்திர மல்லரான ஷான் மைக்கேல்ஸின் மேற்பார்வையில் புதியவர்கள் தொலைக்காட்சியிலேயே பிழைசெய்து, பிழையோடு வளர அனுமதிக்கப்பட்டார்கள்.

நம்மவர் ஒருவரைப் பற்றியும் இங்கே குறிப்பிடலாம். விஜய் தொலைக்காட்சியில் தமிழில் ஒலிமாற்றம் செய்து வந்த மகாபாரதத் தொடரில் பீமனாக நம் வீடுகளுக்குள் வந்த சௌரவ் குர்ஜர், 2018-இல் ஈட்டியெறிதலும் பேஸ்பாலும் பழகிய ரிங்கு சிங்குடன் ஆர்லாண்டோ சேர்ந்தார். ஆகிருதியும் நடிப்பனுபவமும் உள்ளவர். சங்கா என்ற பெயரில் ஆடிய அவர், ஆஜானுபாகுவான இந்தியப் பலசாலி என்ற ஒரே அச்சுக்குள் நின்று, 2024-இல் வெளியேறினார். கதை பிடித்து ஆடத் தெரிந்த ஒருவருக்குக் கதையே கொடுக்காமல் விட்டது அநியாயமென்றே படுகிறது.

அச்சை மீறியவருக்கு உதாரணம் நைஜீரியரான ஓபா ஃபெமி. அமெரிக்கக் கல்லூரிகளில் குண்டெறிதலில் பேர்பெற்று, 2021 டிசம்பரில் நிறுவனம் அறிவித்த கல்லூரி வீரர் திட்டத்தின் முதல் குழுவில் இடம்பெற்றவர். ஒப்பந்தத்துக்கும் முதல் பட்டத்துக்கும் நடுவே அவருக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருந்தது. 2024 ஜனவரியில் முகமூடி அணிந்த மெக்சிகோ வீரர் டிராகன் லீயை வென்று பெற்ற வட அமெரிக்கப் பட்டத்தை 273 நாள் வைத்திருந்தார். பேச்சு சொற்பம், அரசனைப்போன்ற நிற்பும், அடி விழுந்தால் உடனே அலறாமல், சிறிது யோசித்து, இவனா என்னை அடித்தான் என்பதுபோல் திரும்பிப் பார்க்கிற நிதானமுமே பிரதானம். பட்டத்தை நீண்ட காலம் வைத்திருந்ததால் குள்ளரோடும் நெட்டையரோடும், பாய்கிறவரோடும் பிடிக்கிறவரோடும் மாறி மாறி ஆட நேர்ந்தது. ஒவ்வொரு மாதமும் ஆட்டத்தில் ஒரு புதிய வாக்கியம் சேர்ந்தது. 2025 ஜனவரியில் அவர் என்.எக்ஸ்.டி.யின் தலைமைப் பட்டத்தை வென்றபோது அதைப் பரிசளிப்பாக எவரும் எண்ணவில்லை.

2024 அக்டோபரில் என்.எக்ஸ்.டி. சி.டபிள்யூ. என்ற தேசிய அலைவரிசைக்குப் போய்விட்டது. பெரிய ஊர்களில் பெரிய அரங்குகளை நாடுகிறது. ஆகவே அதற்கும் கீழ்ப்படியாக 2025 மார்ச் முதல் 'ஈவால்வ்' என்ற நிகழ்ச்சியை இணையத்தில் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் அதையும் பயிற்சிக்கூடத்துக்குள்ளேயே, கேமராவைச் சுற்றியே நடத்துகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைச் சமுதாயக் கூடங்களுக்குக் கூட்டிச் செல்கிற அந்தச் சிற்றுந்துப் பயணங்களை, செலவு மிச்சம் என்று யாராவது கணக்கர் குறைக்கச் சொன்னால், மைக்கேல்ஸ் அதை மறுத்துவிட வேண்டும்.